பிள்ளையை நிறுக்கிறீர்கள், பெற்றவளை?

‘நாற்பதே நாளில் பிரசவத் தொப்பை மறையும். உடற்பயிற்சி வேண்டாம், பத்தியம் வேண்டாம்.’ குழந்தை பெற்ற பெண்ணின் கைபேசியைத் திறந்தால் இந்த வகை விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பொடி, தேநீர், வயிற்றில் பூசும் தைலம், இடுப்பைச் சுற்றிக் கட்டும் வெப்பப் பட்டை என்று பல வடிவங்கள். முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம், கீழே ஒரு வாட்ஸ்அப் எண். பிரசவித்த சில வாரங்களில், தூக்கமில்லாமல், தன் உடம்பையே அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணின் பலவீனமான நேரத்தைக் கணக்குப் போட்டு நடக்கும் வியாபாரம் இது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். விற்பவர்களை மட்டுமல்ல, தடுக்கும் அதிகாரம் கையில் இருந்தும் வேடிக்கை பார்ப்பவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அது ஒரு பட்டியலே போட்டிருக்கிறது. உடற்பருமன் அந்தப் பட்டியலில் உண்டு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஓராண்டு வரை. மருந்து என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பதால் பலர் டப்பாவின் மேல் ‘உணவுப் பொருள்’ என்று அச்சடித்துத் தப்பப் பார்க்கிறார்கள். அந்தச் சந்துக்கும் கதவு போட்டாகிவிட்டது. நோயைத் தீர்க்கும் என்று உணவுப் பொருளுக்கு விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் தடுக்கின்றன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ், பொய் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை தண்டம் போடலாம். அதற்கு முகம் கொடுத்து நடிப்பவர் மீதும் போடலாம். சமூக ஊடகத்தில் பின்தொடர்வோர் பட்டாளத்தை வைத்துக்கொண்டு ‘நான் இதைக் குடித்துத்தான் இளைத்தேன்’ என்று சிரிக்கும் புதுத் தாய்மாரும் இதற்கு விலக்கு அல்ல. காசு வாங்கிக்கொண்டு சொல்கிறேன் என்பதை அவர்கள் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும்.

இது வெறும் பண நட்டத்தோடு போகிற விஷயமும் அல்ல. பசியை அடக்கும் சிபுட்ரமின் என்ற மருந்து இதயத்துக்கு ஆபத்து என்பதால் இந்தியாவில் 2011இல் தடைசெய்யப்பட்டது. ‘மூலிகை’ என்ற பெயரில் விற்கப்படும் இளைப்புப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் அதே சிபுட்ரமின் கலந்திருப்பதைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. மலமிளக்கிகளும் சிறுநீர் பெருக்கிகளும் கலந்தவை இன்னொரு வகை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் தராசு முள் இறங்கும், கொழுப்பு இருந்த இடத்தில் இருக்கும். தாய் விழுங்கும் பொருள் பாலில் இறங்கக்கூடும் என்ற அச்சம் ஒரு துளியாவது இருந்தால், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத டப்பாவைப் பாலூட்டும் பெண்ணின் கையில் கொடுக்க மனம் வருமா?

ஆனால் வியாபாரியைத் திட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் அது பாதி நியாயம்தான். அவன் உட்கார்ந்திருப்பது காலியாகக் கிடந்த இடத்தில். பிள்ளை பெற்ற பெண்ணிடம் ‘என்னம்மா இப்படி ஊதிப்போயிட்டே’ என்று கேட்க ஊரே இருக்கிறது. எப்படி, எவ்வளவு நாளில், எதைச் சாப்பிட்டு, எந்த அசைவில் தொடங்கி அந்த எடையைக் குறைப்பது என்று உட்கார வைத்துச் சொல்ல யாரும் இல்லை. உறவுக்காரப் பெண்மணி சொல்லவில்லை. மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பும்போது தையலுக்கும் குழந்தைக்கும் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்த மௌனத்தைத்தான் வியாபாரி காசாக்குகிறான்.

கேலிக்கு உள்ளாவது சாமானியப் பெண்கள் மட்டுமல்ல. ஐஸ்வர்யா ராய்க்கு 2011 நவம்பரில் மகள் பிறந்தாள். சில மாதங்கள் கழித்து அவர் வெளியே வந்தபோது, ஏன் இன்னும் இளைக்கவில்லை என்று இணையத்தில் ஒரு கூட்டம் கிளம்பியது. அவருடைய படங்களுக்கு யானைப் பிளிறலைப் பின்னணியாகச் சேர்த்து ஒரு காணொளி உலவியது. சமையல்காரரும் பயிற்சியாளரும் வைத்துக்கொள்ள வசதியுள்ள உலக அழகிக்கே அந்த அவமரியாதை என்றால், கூட்டுக்குடும்பத்தில் பச்சை உடம்போடு இருக்கும் பெண் ஒவ்வொரு சீமந்தத்திலும் காதுகுத்திலும் என்னென்ன கேட்க வேண்டியிருக்கும்? இந்தியத் தாய்மாரில் 22 விழுக்காட்டினருக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வருவதாக, பல ஆய்வுகளைத் திரட்டி உலக சுகாதார நிறுவனத்தின் இதழ் 2017இல் வெளியிட்ட கட்டுரை சொல்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு மேல். பார்க்கப் போன வீட்டில் உடம்பைப் பற்றிக் கருத்துச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை மனதில் ஓட்டிப் பார்க்கட்டும்.

எடை ஏன் ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்பதில் ரகசியம் ஏதும் இல்லை. கர்ப்பத்துக்கு முன் சரியான எடையில் இருந்த பெண்ணுக்குப் பத்து மாதத்தில் 11.5 முதல் 16 கிலோ வரை கூடுவது இயல்பு என்பது உலகெங்கும் மருத்துவர்கள் கையாளும் ஓர் அளவுகோல். முன்பே எடை கூடியிருந்தவர்களுக்கு இந்த அளவு குறைவு. குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் என்று பிரசவத்தின்போதே ஐந்தாறு கிலோ போய்விடும். உடம்பில் தேங்கிய நீர் அடுத்த சில வாரங்களில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ ஆறு வாரம் எடுக்கும். அதுவரை வயிறு மேடாகத் தெரிவதற்குப் பெயர் தொப்பை அல்ல. அதற்குப் பிறகும் நிற்பது கொழுப்பு. பால் சுரப்பதற்காக உடம்பே சேர்த்து வைத்த சேமிப்பு அது. நிதானமாக ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அதைக் கரைப்பதே உடம்புக்கும் பாலுக்கும் நல்லது. நாற்பது நாள் கணக்கு வியாபாரிக்கு ஏன் வசதி என்பது இப்போது புரியும். அந்த நாற்பது நாளில் எதையும் செய்யாவிட்டாலும் சில கிலோ தானே இறங்கும். இயற்கை செய்கிற வேலைக்கு இவர்கள் ரசீது போடுகிறார்கள்.

பாலூட்டும்போது எடை குறைக்க முயன்றால் பால் வற்றிவிடும், குழந்தை மெலிந்துவிடும் என்ற பயம் நம் வீடுகளில் ஆழமாக ஊறியிருக்கிறது. பட்டினி கிடந்தால் அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அளவோடு செய்தால்? நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அதிக எடையோடு தாய்ப்பால் மட்டும் கொடுத்துவந்த 40 அமெரிக்கத் தாய்மாரில் ஒரு பாதியினர், பிரசவமான நான்காவது வாரத்திலிருந்து பத்து வாரத்துக்கு உணவில் நாளுக்கு 500 கலோரி குறைத்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம் உடற்பயிற்சி செய்தார்கள். சராசரியாக 4.8 கிலோ குறைந்தது. மற்ற பாதியினருக்கு ஒரு கிலோகூடக் குறையவில்லை. இரு தரப்புக் குழந்தைகளின் வளர்ச்சியிலும் வேறுபாடு இல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ என்பது பாதுகாப்பான வேகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இதை ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிரசவ வார்டிலும் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

சாப்பாட்டு விஷயத்தில் வீடுகளையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. பேறுகாலப் பெண்ணுக்கு நம் பாட்டிமார் வகுத்த உணவில் அறிவு உண்டு. பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு, முருங்கைக் கீரை, நாட்டுக்கோழி ரசம், உளுந்தங்களி, சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்த்த பிரசவ லேகியம் எல்லாம் ஓடி ஓடி வேலை செய்த காலத்து உடம்புக்கு வலுவூட்டியவை. இன்றைக்கு நடப்பது வேறு. பெரியவர்கள் காலத்துப் பத்தியத்திலிருந்து நெய்யையும் இனிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, ‘குளிர்ச்சி’ என்று சொல்லிக் காயையும் பழத்தையும் தள்ளிவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவந்து குவிக்கும் ரொட்டி, ரஸ்க், பிஸ்கட், மால்ட் பானம் அந்த இடத்தை நிரப்புகின்றன. ‘பிள்ளைக்கும் சேர்த்துச் சாப்பிடு’ என்று மூன்று வேளையும் சோற்றைக் குவித்து வைக்கிறார்கள். முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்குக் கூடுதலாக வேண்டியது நாளுக்கு சுமார் 600 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். அதை இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், கூடுதலாகக் கொஞ்சம் பருப்பும் கீரையும், ஒரு கேழ்வரகுக் கூழ் நிரப்பிவிடும். இன்னொரு தட்டுச் சோறு வேண்டாம்.

எல்லாவற்றிலும் கொடுமையானது தண்ணீர்த் தடை. ‘தண்ணி நிறையக் குடிச்சா வயிறு பெருத்துப் போகும்’ என்று இன்னமும் பல ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குச் சொம்பை அளந்து கொடுக்கிறார்கள். தண்ணீருக்கும் தொப்பைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம் எடுக்கும். தாகத்துக்குக் குடிக்க விடாவிட்டால் மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அயர்ச்சியும்தான் மிச்சம். இந்த வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். வயிற்றை இறுக்கிக் கட்டும் துணியும் அப்படித்தான். அறுவைக்குப் பின் எழுந்து நடக்கும்போது வலிக்கு ஒரு பிடிமானமாக அது உதவலாம், கொழுப்பைக் கரைக்காது.

இங்கே ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) காட்டியது. அதற்கு முந்தைய சுற்றில் இது 30.9. அதே ஆய்வு, அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்றும் சொல்கிறது. ஆக, உடம்பு பருத்து இரத்தம் வெளுத்த பெண்கள் நம்மிடையே ஏராளம். அப்படிப்பட்ட ஒரு தாயிடம் சாப்பாட்டைக் குறை என்று மொட்டையாகச் சொல்வது அவளை மேலும் நோயாளியாக்கும். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது என்று ஆளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து மாத்திரையை எத்தனை பேர் முழுதாகச் சாப்பிடுகிறார்கள் என்று யாராவது பின்தொடர்ந்து கேட்க வேண்டும்.

உடற்பயிற்சியில் இன்னும் பெரிய குழப்பம். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை மூலம் நடக்கின்றன. ஏறக்குறைய இரண்டு தாய்க்கு ஒருவர் வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வருகிறார். கர்ப்பத்தில் வயிற்றின் நடுத் தசைகள் இரண்டாக விலகுவது பலருக்கும் நேர்வது, அது கூடிவரச் சில மாதங்கள் எடுக்கும். இதை எல்லாம் கேட்காமல், மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கி எழும் பயிற்சியை ‘தினமும் நூறு தடவை’ என்று காணொளியில் கட்டளையிடுபவர்களுக்கு எந்தத் தகுதி இருக்கிறது? சுகப்பிரசவமானவர் வலி தாங்கும் அளவுக்குச் சில நாளிலேயே நடக்கத் தொடங்கலாம். அறுவை நடந்தவரும் மருத்துவமனையிலேயே எழுந்து நடக்க வேண்டும், ஆனால் ஆறு வாரத்துக்குக் கனமான குடமோ சிலிண்டரோ தூக்கக் கூடாது. ஆழ்ந்த மூச்சு, வயிற்றை மெல்ல உள்ளிழுத்து விடுதல், இடுப்பை அசைத்தல், பிறகு நடை, அதன்பின் நடையின் வேகம் என்று படிப்படியாகக் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடம் என்ற அளவை எட்டலாம். பிரசவித்த பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவும் அதுதான். நடந்தபின் உதிரப்போக்கு கூடினாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இருமும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது, அதற்குச் சிகிச்சை உண்டு. இவ்வளவுதான் பாடம். இதைச் சொல்ல ஒரு பிசியோதெரபிஸ்டுக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

அந்தப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கவில்லை. நடப்பதற்கான அரை மணி நேரமும் கிடைக்கவில்லை. ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் அதற்குச் செலவிடுவதாகக் கணக்கு வந்தது. இதில் கைக்குழந்தையைப் பார்ப்பது சேரவில்லை, அது தனிக் கணக்கு. மனைவி இளைக்கவில்லை என்று குறைப்படும் கணவர் மாலையில் அரை மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொண்டு அவளை நடக்க அனுப்பட்டும். ‘பச்சை உடம்புக்காரி வாசலைத் தாண்டக் கூடாது’ என்று தடுக்கும் மாமியாரிடம் மகனே பேசட்டும். இதைச் செய்யாத வீட்டுக்கு அவள் எடையைப் பற்றிப் பேசும் உரிமை கிடையாது.

அலுவலகங்களின் பொறுப்பு சிறியதல்ல. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு ஓராண்டு விடுப்பே உண்டு. வீட்டு வேலை செய்பவருக்கும் சித்தாளுக்கும் தையல் துண்டு வேலைக்காரிக்கும் இவை எட்டாக் கனி. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்துக் கிடைக்கும் 18,000 ரூபாய்தான் அவர்களுக்கு உள்ள ஆதாரம். அந்தப் பெட்டகத்தோடு ஒரு நடைப்பயிற்சி அட்டவணையையும் உணவுக் குறிப்பையும் வைத்துக் கொடுக்க ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

இப்போது மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு. குழந்தைக்கு ஆறு வாரம் ஆனதும் பென்டாவேலன்ட் முதல் தவணை உள்ளிட்ட தடுப்பூசிகளுக்காகத் தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். குழந்தையைத் தராசில் போட்டு அட்டையில் குறிக்கிறார்கள், ஊசி போட்டு அடுத்த தேதி சொல்கிறார்கள். தூக்கிக்கொண்டு வந்தவளை நிறுத்தி எடை பார்ப்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, சர்க்கரை பார்ப்பது இன்னும் எல்லா இடத்திலும் கட்டாய நடைமுறையாகவில்லை. இது சாதாரணக் குறை அல்ல. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்று 2007இல் ஆணை பிறப்பித்து நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் இது. சென்னையில் இருந்துகொண்டு அதற்காக வாழ்நாள் முழுதும் உழைத்த மருத்துவர் வே. சேஷையாவின் பிறந்த நாளான மார்ச் 10 கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. எடையைக் குறைத்தால் அந்த ஆபத்து பெருமளவு குறையும். அதனால்தான் பிரசவத்துக்கு ஆறு வாரம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்கிறது விதிமுறை. ஆனால் குழந்தைக்கான ஊசியைத் தவறவிடாத தாய் தனக்கான இந்தச் சோதனையைத் தவறவிடுகிறாள், கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லாததால். பாதி வழியில் கைவிட்ட சாதனை இது. பொறுப்பேற்க வேண்டியது துறைதான்.

புதிய கட்டடம் எதுவும் வேண்டாம். ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு தாய்க்கும் எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தேவைப்படுவோர்க்குச் சர்க்கரை பார்த்துத் தாய்-சேய் நல அட்டையில் எழுத ஆணையிடுங்கள். ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அதைத் தொடருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடிப் போகும் இயன்முறை மருத்துவர்கள் 2021 முதல் இருக்கிறார்கள். அவர்களின் பயனாளிப் பட்டியலில் பிரசவித்த பெண்களை, அறுவை நடந்தவர்களை முதலில் வைத்து, சேருங்கள். தனியார் மருத்துவமனைகள் பிரசவத்துக்கு வாங்கும் தொகைக்குள்ளேயே இந்த ஆறாம் வார ஆலோசனையை அடக்க வேண்டும், அதற்கென்று இன்னொரு ‘பேக்கேஜ்’ விற்கக் கூடாது.

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் உணவுப் பாதுகாப்புத் துறையும் பதில் சொல்ல வேண்டும். பிரசவத் தொப்பை விளம்பரங்களுக்கு எதிராகக் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை வழக்கு தொடுத்தீர்கள், எத்தனை மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் தண்டனை பெற்றார்கள்? மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். எண்ணிக்கை பூச்சியமாக இருந்தால் பூச்சியம் என்றே வெளியிடுங்கள். பணம் வாங்கிக்கொண்டு இவ்விளம்பரங்களைத் தாங்கி வரும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் இன்றே அவற்றை நிறுத்த வேண்டும். தடுப்பூசி போடும் நாள் புதன்கிழமை. ஆறாம் வாரப் பரிசோதனைக்கான சுற்றறிக்கை அடுத்த புதன்கிழமைக்குள் எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.